உடனொளிர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடனொளிர்வு என்பது என்ன?

ஒரு பொருள் மேலே விழும் ஒளியை உள்வாங்கி, அடுத்த கணமே வேறொரு நிறத்தில் ஒளியை வெளியே விடுவதுதான் உடனொளிர்வு. ஒளி பட்டதும் மூலக்கூறில் உள்ள ஓர் எலக்ட்ரான் உயர்ந்த ஆற்றல் நிலைக்குத் தாவுகிறது. அந்தத் தாவலில் கிடைத்த ஆற்றலில் ஒரு பங்கு, மூலக்கூறின் அதிர்வுகள் வழியாகச் சில பிக்கோநொடிகளுக்குள் வெப்பமாகக் கரைந்துவிடும். மிஞ்சிய ஆற்றலோடு எலக்ட்ரான் பெரும்பாலும் 1 முதல் 10 நானோநொடி வரை காத்திருந்து கீழே இறங்குகிறது. அப்போது வெளிவருவதே நாம் பார்க்கும் ஒளிர்வு.

இடையில் ஆற்றல் குறைந்துவிடுவதால் வெளிவரும் ஒளியின் அலைநீளம் கூடிவிடுகிறது. புறஊதா நீலமாகும், நீலம் பச்சையாகும், பச்சை சிவப்பாகும். இதை 1852-இல் தெளிவாக எழுதியவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். இரு அலைநீளங்களுக்கும் உள்ள இடைவெளியை இன்றும் ஸ்டோக்ஸ் பெயர்ச்சி என்றுதான் சொல்கிறோம். நீலநிறச் சன்னல் கண்ணாடி ஒன்றின் வழியே சூரிய ஒளியைக் கொய்னா (குயினைன்) என்ற கசப்புப் பொருளின் கரைசலில் விழவைத்து, மறுபக்கம் மஞ்சள் ஒயின் நிறைந்த கோப்பை ஒன்றின் வழியே அதை அவர் பார்த்தார். தூண்டும் ஒளியை ஒரு வடிகட்டியால் தேர்ந்தெடுப்பது, இன்னொரு வடிகட்டியால் அதைத் தடுத்து ஒளிர்வை மட்டும் பார்ப்பது என்ற அதே ஏற்பாடுதான் இன்றைய விலையுயர்ந்த நுண்ணோக்கிகளுக்குள்ளும் இருக்கிறது. கீழே வரும் சிக்கல்களில் பாதி, இந்த இரண்டு ஒளிகளையும் சரியாகப் பிரிக்காததால் வருபவை.

இருட்டில் மின்னும் ஸ்டிக்கர், மின்மினி, ஒளிக்குச்சி எல்லாம் இதே வகைதானா?

இல்லை. விளக்கை அணைத்த பிறகும் மின்னினால் அது உடனொளிர்வு அல்ல. அந்த ஸ்டிக்கர்களில் இருப்பது பெரும்பாலும் யூரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் கலந்த ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட். வாங்கிய ஆற்றலைப் படிகக் குறைகளில் சிறைபிடித்து, மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. மின்மினியிலும் ஒளிக்குச்சியிலும் ஆற்றலைத் தருவது வேதிவினை. ஆனால் ஒளிக்குச்சியின் நிறத்தைத் தீர்மானிப்பது அதில் கலந்திருக்கும் உடனொளிர் சாயம் என்பதால், அதை ஒரு பாதி உறவு என்று வைத்துக்கொள்ளலாம்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். விளக்கை அணையுங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஒளி எஞ்சி நின்றால் அது உடனொளிர்வு இல்லை.

எந்தப் புறஊதா டார்ச் வாங்குவது? 395 போதுமா, 365 வேண்டுமா?

இந்த எண்கள் டார்ச் விடும் ஒளியின் அலைநீளம், நானோமீட்டரில். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 365 நானோமீட்டர் டார்ச்சை வாங்குங்கள். 395 டார்ச் மலிவு, ஆனால் அதிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஊதா ஒளி நிறைய வரும். எந்தப் பொருளில் அடித்தாலும் அது ஊதாவாகத் தெரியும். அந்த ஊதாவில் மங்கலான ஒளிர்வுகள் மூழ்கிவிடும். ஒன்றுமே ஒளிரவில்லை என்று வரும் புகார்களில் பல இங்கேதான் தொடங்குகின்றன.

365 டார்ச்சிலும் எல்லாம் ஒன்றல்ல. எல்இடி-க்கு முன்னால் கறுப்பாகத் தெரியும் கண்ணாடி வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கண்ணாடி, எல்இடி-யிலிருந்து கசியும் வெளிர் வெள்ளை ஒளியை நிறுத்திவிடும். சோதனை இதுதான்: இருட்டறையில் ஒளிர்வில்லாத ஒரு பரப்பில், உதாரணமாகத் துடைத்த எஃகுத் தகட்டில், அடியுங்கள். தகடு ஏறக்குறைய கறுப்பாகவே இருந்தால் நல்ல டார்ச். வெளிர் நீல வட்டம் விழுந்தால் வடிகட்டி இல்லை.

இதற்கு நேர்மாறாக, இலைப்பச்சையத்துக்கும் ஹைலைட்டர் மைக்கும் 395 அல்லது வெறும் நீல எல்இடி-யே நன்றாக வேலை செய்யும். பொருள் எந்த அலைநீளத்தை உள்வாங்குகிறதோ அதைக் கொடுக்க வேண்டும். குறைந்த அலைநீளம் எப்போதும் மேல் என்று நினைப்பது தவறு.

கண்ணுக்கு ஆபத்தா?

365, 395 டார்ச்சுகளை நேராகவோ கண்ணாடிப் பரப்பில் பட்டுத் திரும்பும்போதோ பார்க்கக் கூடாது. பாதி கண்ணுக்குத் தெரியாத ஒளி என்பதால் கண்மணி சுருங்காமலே இருக்கும், உங்களுக்கும் எச்சரிக்கை கிடைக்காது. கண்ணின் உள்வில்லையே லேசாக ஒளிர்வதால் பார்வையில் பனி படர்ந்ததுபோல் ஆகும். புறஊதாவைத் தடுக்கும் பாலிகார்பனேட் கண்ணாடி அணிந்தால் அதுவும் நின்றுவிடும்.

கிருமிநீக்கத்துக்கும் கனிமங்களை ஒளிரவைக்கவும் பயன்படும் 254 நானோமீட்டர் விளக்கு வேறு ரகம். சில நிமிடங்களிலேயே விழிவெண்படலத்தைச் சுட்டுவிடும். வலியோ பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். கையுறை, முழுமுகக் கவசம் இல்லாமல் தொடவேண்டாம்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு நல்ல சோதனை சொல்லுங்கள்.

டானிக் வாட்டரும் உப்பும். இதைவிடக் குறைந்த செலவில் ஒளிர்வையும் அது தணிவதையும் ஒன்றாகக் காட்டும் சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. டானிக் வாட்டரின் கசப்புக்குக் காரணமான கொய்னா, அமிலக் கரைசலில் 350 நானோமீட்டர் அளவில் ஒளியை வாங்கி 450 அளவில் நீலமாக விடும்.

ஒரே அளவுள்ள மூன்று தெளிந்த குவளைகளில் தலா 100 மில்லிலிட்டர் ஊற்றுங்கள். இருட்டறையில் 365 டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து அடித்தால் மூன்றும் வான்நீலமாக ஒளிரும். ஒன்றில் ஒரு தேக்கரண்டி உப்பு, அதாவது சுமார் 5 கிராம், போட்டுக் கலக்குங்கள். வாயு நுரைத்துப் பொங்கும். குமிழிகள் அடங்கும் வரை காத்திருங்கள், ஏனென்றால் அவை ஒளியைச் சிதறடித்துக் குழப்பும். இரண்டாவதில் அதே அளவு சர்க்கரை. மூன்றாவதை அப்படியே விடுங்கள். உப்பு போட்டது அணைந்துபோயிருக்கும், சர்க்கரை போட்டது முன்போலவே ஒளிரும்.

கொய்னா அழியவில்லை. கிளர்ந்த நிலையில் உள்ள மூலக்கூறு கீழே இறங்குவதற்குள் குளோரைடு அயனி வந்து மோதி, ஆற்றலை வெப்பமாக வடித்துவிடுகிறது. சர்க்கரைக் குவளையைத் தவிர்க்காதீர்கள். அது இல்லையென்றால், எதைக் கரைத்தாலும் ஒளிர்வு போய்விடும் என்று ஒருவர் வாதிடலாம், உங்களிடம் பதில் இருக்காது.

ஒளிர்வே வரவில்லை என்றால் முதலில் புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் பாருங்கள். கொய்னா இல்லாத சோடா ஒளிராது. சில பிளாஸ்டிக் குவளைகள் புறஊதாவை விழுங்கிவிடும். அந்தச் சந்தேகம் இருந்தால் மேலிருந்து நேராகத் திரவத்தில் அடியுங்கள்.

பச்சை இலைச் சாறு சிவப்பாக ஒளிரும் என்பது உண்மையா?

உண்மை, பார்ப்பவர் நம்ப மறுக்கும் அளவுக்குச் சிவப்பு. ஒரு கைப்பிடி இளம் பச்சை இலையைக் கசக்கி, 20 மில்லிலிட்டர் எத்தனால் அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் 10 நிமிடம் இருட்டில் வைத்து வடிகட்டுங்கள். பக்கத்தில் தீ இருக்கக் கூடாது. வடித்த சாறு வெளிச்சத்தில் பச்சை. இருட்டில் ஊதா அல்லது நீல ஒளியைப் பக்கத்திலிருந்து செலுத்தினால், ஒளி நுழையும் இடத்தில் இரத்தச் சிவப்பு.

சாறு அடர்த்தியாக இருந்தால் முன்பக்கத்தில் மெல்லிய ஏடு மட்டும் சிவக்கும். தூண்டும் ஒளி முதல் மில்லிமீட்டரிலேயே தீர்ந்துவிடுகிறது, வெளிவரும் சிவப்பையும் பச்சையமே மறுபடி உறிஞ்சிக்கொள்கிறது. ஆல்கஹால் ஊற்றி வெளிர்பச்சையாக்கினால் குவளை முழுவதும் ஒளிரும்.

உயிருள்ள இலை இப்படி ஒளிராததற்குக் காரணம், வாங்கிய ஆற்றலைப் பெரும்பாலும் ஒளிச்சேர்க்கைக்கும் வெப்பத்துக்கும் அனுப்பிவிடுவது. ஒளிர்வாகப் போவது ஓரிரு சதவீதம்தான். ஆனால் அந்தச் சிறு பங்கு பயிரின் நிலையைச் சொல்லிவிடும். இருட்டில் 20 முதல் 30 நிமிடம் வைத்த நலமான இலையில் எஃப்வி/எஃப்எம் என்ற விகிதம், அதாவது உச்ச ஒளிர்வில் மாறும் பங்கு, 0.83 அருகே இருக்கும். வறட்சியோ கடும் வெயிலோ ஒளிச்சேர்க்கை அமைப்பைச் சேதப்படுத்தினால், இலை மஞ்சளாவதற்கு முன்பே இந்த எண் இறங்கத் தொடங்கும். இருட்டில் வைக்காமல் அளந்தால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருள் இல்லை.

வெள்ளைத் துணியும் காகிதமும் ஏன் நீலமாக ஒளிர்கின்றன? ரூபாய்த்தாள் போன்ற பணத்தாள் ஏன் ஒளிர்வதில்லை?

சலவைத்தூளிலும் காகிதத்திலும் ஸ்டில்பீன் வகை ஒளிர்வெண்மைப் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. அவை பகல் வெளிச்சத்தில் உள்ள புறஊதாவை வாங்கி நீலமாக விடுகின்றன. துணியின் மஞ்சள் சாயலை அந்த நீலம் சமன்செய்ய, துணி வெளுத்ததாகக் கண் நம்புகிறது. அழுக்கு போனதற்கும் இதற்கும் தொடர்பில்லை. வெளிர் மஞ்சள், சந்தன நிறத் துணிகளைத் தொடர்ந்து இத்தகைய தூளில் துவைத்தால் நிறம் மாறித் தெரியும்.

பணத்தாள் செய்யும் காகிதத்தில் வேண்டுமென்றே இந்தப் பொருளைச் சேர்ப்பதில்லை. அதனால் நல்ல தாள் புறஊதாவில் மங்கலாகவே இருக்கும், பாதுகாப்பு இழைகளும் சில அச்சுப் பகுதிகளும் மட்டும் மின்னும். சட்டைப்பையில் கிடந்து சலவைக்குப் போன அசல் தாள் முழுவதும் நீலமாக ஒளிரலாம். புறஊதாவை மட்டும் வைத்து ஒரு தாளைக் கள்ளத்தாள் என்று முடிவுகட்டக் கூடாது.

குழல்விளக்கைவிட எல்இடி ஏன் சிக்கனம்?

பல காரணங்களில் ஒன்று உடனொளிர்வுக் கணக்கிலேயே இருக்கிறது. குழலுக்குள் பாதரச ஆவி 253.7 நானோமீட்டர் புறஊதாவை வெளியிடுகிறது. குழலின் உட்சுவரில் பூசிய பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் அதைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக்குகிறது. 254-ஐக் கொடுத்து 550-ஐ வாங்கும்போது, ஒவ்வொரு ஃபோட்டானிலும் (ஒளித்துகளிலும்) பாதிக்கு மேற்பட்ட ஆற்றல் வெப்பமாகப் போகிறது. வெள்ளை எல்இடி-யில் 450 நானோமீட்டர் நீலத்தை, சீரியம் கலந்த மஞ்சள் பாஸ்பர் 560 அளவுக்கு மாற்றுகிறது. அங்கே இழப்பு ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. நீலத்தில் ஒரு பகுதி மாறாமலே வெளியே வருவதால் அதற்கு அந்த இழப்பும் இல்லை. குழல்விளக்கு குளிரில் மங்குவது, பாதரசத்தின் ஆவியழுத்தம் குறைவதால்.

மருத்துவத்தில் எங்கே பயன்படுகிறது?

கண் மருத்துவமனைதான் பலரும் முதலில் சந்திக்கும் இடம். ஃபுளோரசின் என்ற சாயம் தோய்ந்த காகிதப் பட்டையை ஒரு சொட்டு உப்புநீரில் நனைத்துக் கீழிமைக்குள் தொடுவார்கள். நீல ஒளியில் பார்க்கும்போது, விழிவெண்படலத்தின் மேல்தோல் உரிந்த இடம் பச்சையாகத் துலங்கும். மென் கான்டாக்ட் லென்ஸைக் கழற்றாமல் செய்தால் லென்ஸ் சாயமேறிப் பாழாகும். விழித்திரை ரத்தக்குழாய்ப் படத்துக்கு அதே சாயத்தைக் கையின் ரத்தக்குழாயில் (சிரையில்) செலுத்துகிறார்கள், வழக்கமாக 10 சதவீதக் கரைசலில் 5 மில்லிலிட்டர். 10 முதல் 15 நொடியில் கண்ணுக்குப் போய்ச் சேரும். தோல் சில மணி நேரம் மஞ்சளாகவும் சிறுநீர் ஒரு நாள் போல அடர் மஞ்சளாகவும் இருப்பது எதிர்பார்த்ததே.

தோல் மருத்துவர் கையில் இருக்கும் உட்ஸ் விளக்கு 365 நானோமீட்டர் விளக்கு. வெண்புள்ளித் தோல் பளிச்சென்று நீலவெள்ளையாகவும், கோரினிபாக்டீரியம் என்ற பாக்டீரியாவின் தொற்று பவளச் சிவப்பாகவும் தெரியும். நோயாளி அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தால் அந்தச் சிவப்பு கழுவப்பட்டுக் காணாமல் போகும். களிம்பும் சோப்பும் பஞ்சுத்துகளும் பொய்யாக ஒளிரும். தலைப்படையில் எல்லாப் பூஞ்சைகளும் ஒளிர்வதில்லை. ட்ரைக்கோஃபைட்டன் டான்சுரான்ஸ் என்ற பூஞ்சை ஒளிராது. ஆகவே ஒளிரவில்லை என்பது நோயில்லை என்பதற்குச் சான்று அல்ல.

உலோகத்தில் விரிசல் தேட எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

சோதிக்கும் உலோகப் பகுதியை எண்ணெய், துரு, பெயிண்ட் எதுவும் இல்லாமல் சுத்தம்செய்து உலர்த்த வேண்டும். பிறகு விரிசலுக்குள் புகும் ஒளிரும் திரவமான ஊடுருவியைத் தடவி, 10 முதல் 30 நிமிடம் ஊறவிட வேண்டும். மேற்பரப்பில் மிஞ்சியதைக் கழுவி, உலர்த்தி, வெள்ளைத் தூளாகிய டெவலப்பரை மெல்லிதாகத் தூவி, மேலும் 10 நிமிடம் காத்திருந்தால், விரிசலுக்குள் போனது தூளில் உறிஞ்சப்பட்டு மேலே வரும். இருட்டில் 365 நானோமீட்டர் விளக்கின்கீழ் மஞ்சள்பச்சைக் கோடாகத் தெரியும். 38 சென்டிமீட்டர் தூரத்தில் சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்தது 1000 மைக்ரோவாட், சுற்று வெளிச்சம் 20 லக்ஸுக்குள் என்பது நடைமுறை அளவு.

இங்கே தவறு பெரும்பாலும் கழுவும்போதுதான் நேர்கிறது. அழுத்தமாகத் தண்ணீர் அடித்தால் ஆழமில்லாத விரிசலில் இருப்பதும் போய்விடும். குறைவாகக் கழுவினால் பின்னணி முழுவதும் ஒளிர்ந்து எதுவும் தெரியாது. மணல் வீசிச் சுத்தம்செய்த பரப்பில் உலோகம் நசுங்கி விரிசலின் வாய் மூடிக்கொள்ளும். அங்கே இந்தச் சோதனையே வீண். பார்ப்பவர் வெயிலில் நிறம் மாறும் கண்ணாடி அணிந்திருந்தால் அது புறஊதாவில் கறுத்துவிடும்.

உயிரணுக்களை ஒளிரவைப்பது எப்படி? என் மாதிரி ஏன் ஒளிரவில்லை?

இரண்டு வழி. ஒன்று, சாயம் சேர்ப்பது. உதாரணமாக டிஎன்ஏ-வோடு ஒட்டும் டாப்பி 358-இல் தூண்டப்பட்டு 461-இல் நீலமாக ஒளிரும். மற்றொன்று, ஒளிரும் புரதத்தை உயிரணுவே உற்பத்திசெய்யும்படி மரபணுவைச் சேர்ப்பது. 1962-இல் ஒசாமு ஷிமோமுரா ஒரு சொறிமீனிலிருந்து பிரித்தெடுத்த பச்சை ஒளிர்புரதமான ஜிஎஃப்பி 238 அமினோ அமிலங்கள் கொண்டது. 1994-இல் மார்ட்டின் சால்ஃபி அதை வேறு உயிரிகளில் ஒளிரவைத்துக் காட்டினார். ரோஜர் சியன் பல நிறங்களில் அதைத் திருத்தி அமைத்தார். மூவருக்கும் 2008 வேதியியல் நோபல் கிடைத்தது.

ஜிஎஃப்பி ஒளிரவில்லை என்றால் முதலில் மூன்றைப் பாருங்கள். ஒளிரும் மையம் உருவாக ஆக்சிஜன் தேவை, ஆக்சிஜன் அறவே இல்லாத வளர்ப்பில் புரதம் இருந்தும் ஒளி இராது. உயிரணுக்களை மெத்தனால் கொண்டு நிலைப்படுத்தினால் (அப்படியே உறையவைத்துப் பாதுகாத்தால்) புரதம் குலைந்துவிடும். அதற்குப் பதில் 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் 10–15 நிமிடம் போதும். மூன்றாவது, ஊடகத்தின் பி.எச். (அமிலத்தன்மை அளவு). 6-க்குக் கீழே போனால் பொதுவான பச்சை வகை வெகுவாக மங்கும்.

ஒளிரக் கூடாதது ஒளிர்வது இன்னும் தொல்லை. குளூட்டரால்டிஹைடு, வளர்ப்பு ஊடகத்தின் ஃபீனால் சிவப்பு, உயிரணுவுக்குள் இயல்பாகவே உள்ள ஃபிளேவின்கள் எல்லாம் பச்சைப் பகுதியில் ஒளிரும். எனவே சாயமே சேர்க்காத மாதிரி ஒன்றையும், ஒவ்வொரு சாயத்தையும் தனித்தனியாகச் சேர்த்த மாதிரிகளையும் அதே ஒளியளவில், அதே எக்ஸ்போஷரில் படமெடுங்கள். இவை இல்லாத பலநிறப் படத்தை நான் நம்புவதில்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும். படமெடுக்கும்போது நீண்ட அலைநீளத்தில் தொடங்கி, புறஊதாவைக் கடைசிக்கு வையுங்கள். முதலிலேயே புறஊதாவை அடித்தால் மற்றச் சாயங்களும் வெளுக்கும்.

சாயத்தின் அடர்வைக் கூட்டக் கூட்ட ஒளிர்வுமானியில் அளவு குறைகிறதே, கருவி பழுதா?

பழுதல்ல. மாதிரி தன் வெளிச்சத்தைத் தானே மறைக்கிறது. வழக்கமான கருவி, சதுரக் குவெட் என்ற மாதிரிக் குப்பியின் நடுவிலிருந்து வரும் ஒளியை 90 பாகைக் கோணத்தில் பார்க்கிறது. கரைசல் அடர்ந்தால் தூண்டும் ஒளி நடுப்பகுதியை எட்டுவதே இல்லை.

தூண்டும் அலைநீளத்தில் உறிஞ்சல் அளவு (அப்சார்பன்ஸ்) 0.1 இருக்கும்போதே, நேர்கோட்டுக் கணக்கிலிருந்து ஏறக்குறைய 11 சதவீதம் விலகல் வந்துவிடுகிறது. 0.05 என்றால் 6 சதவீதத்துக்குள். ஆகவே 0.05-க்குக் கீழே வைத்துக்கொள்வது நல்லது. சந்தேகமாக இருந்தால் பாதியாக நீர்க்கவைத்து மறுபடி அளந்து பாருங்கள். அளவு சரியாகப் பாதியாகாவிட்டால் இன்னும் நீர்க்க வேண்டும்.

இன்னொரு குழப்பம், 350-இல் தூண்டும்போது 397 அருகே எழும் சிறு முகடு. அது சாயம் அல்ல, நீரின் ராமன் சிதறல், அதாவது நீர் மூலக்கூறுகளில் பட்டுச் சிதறி அலைநீளம் மாறிய தூண்டும் ஒளி. தூண்டும் அலைநீளத்தை 10 நானோமீட்டர் நகர்த்துங்கள். முகடும் கூடவே நகர்ந்தால் சிதறல், அதே இடத்தில் நின்றால் ஒளிர்வு. வெப்பநிலையையும் கட்டுப்படுத்துங்கள். ரோடமின் பி போன்ற சாயம் ஒரு பாகைக்கு 2 சதவீதம் அளவுக்கு மாறும்.

நிலத்தடி நீரின் போக்கை அறியவும் இது உதவுமா?

உதவும், வெகுநாளாகவே. 1877-இல் ஜெர்மனியில் டான்யூப் ஆற்றுநீர் மண்ணுக்குள் மறையும் இடத்தில் 10 கிலோ ஃபுளோரசின் கொட்டினார்கள். ஏறத்தாழ 60 மணி நேரம் கழித்து, சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஆக் ஊற்று பச்சையாக வந்தது. வெயிலில் ஃபுளோரசின் விரைவில் வெளுக்கும் என்பதால் திறந்த ஓடைகளுக்கு ரோடமின் வகைச் சாயங்களே ஏற்றவை.

புறஊதா விளக்கில் ரத்தக்கறை ஒளிருமா?

ஒளிராது. ஹீமோகுளோபின் ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் ரத்தம் புறஊதாவில் இன்னும் கறுத்துத்தான் தெரியும். லூமினால் என்ற வேதிப்பொருளைத் தெளித்தால் வரும் நீல ஒளி வேதிவினையால் வருவது, அதற்குப் புறஊதா விளக்கே தேவையில்லை. விந்து, உமிழ்நீர், சிறுநீர்க் கறைகள் ஒளிரும். ஆனால் சலவைத்தூளும் பழச்சாறும் பசையும் அதேபோல் ஒளிரும். தடய ஆய்வில் 450 நானோமீட்டர் அளவு நீல ஒளியும் ஆரஞ்சுக் கண்ணாடியும் கொண்டு தேடுவது, எங்கே பஞ்சால் ஒற்றியெடுக்க வேண்டும் என்று குறிப்பதற்காகத்தான். அந்தக் கறை என்ன என்பதை அதன்பின் செய்யும் வேதிச் சோதனையும் டிஎன்ஏ சோதனையும்தான் சொல்லும்.